"போர்டு போச்சு" என்று சொல்வதற்கு முன்: லேப்டாப் கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

ஐப்பசி பிறந்து நாலு மழை விழுந்தால் போதும், என் கடை மேஜையில் கை வைக்க இடம் இருக்காது. கும்பகோணத்தில் பதினைந்து வருடமாக லேப்டாப் பழுது பார்க்கிறேன். வருடா வருடம் இதே கதைதான். கோடையில் நன்றாக ஓடியதை பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். மழைக்காலத்தில் எடுத்துப் பட்டனை அழுத்தினால் விளக்கு எரியும், விசிறி சுற்றும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். யாராவது ஒருவர் பார்த்துவிட்டு "போர்டு போச்சு" என்று, அதாவது உள்ளே எல்லாவற்றையும் இணைக்கும் மதர்போர்டே கெட்டுவிட்டது என்று, தீர்ப்பு சொல்லியிருப்பார்.

போன நவம்பரில் திருவிடைமருதூர் பக்கமிருந்து ஒரு அம்மா, மகனுடைய லேப்டாப்பை மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். "எட்டாயிரம் ஆகும்னு சொல்லிட்டாங்க தம்பி. அதுக்குப் பழைய விலைக்கே தள்ளிவிட்டுடலாமான்னு பாக்குறேன்" என்றார். கீழ்மூடியைக் கழற்றி, ரேமை (லேப்டாப் ஓடும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் சின்ன அட்டை) எடுத்துத் துடைத்து, திரும்பச் செருகினேன். பத்து நிமிட வேலை. திரை வந்தது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "இன்னொரு தடவை அணைச்சுப் போடுங்க" என்றார். மூன்று தடவை போட்டுக் காட்டிய பிறகுதான் பையில் வைத்தார்.

எல்லாமே இப்படி முடிந்துவிடாது. சில போர்டுகள் நிஜமாகவே போயிருக்கும். ஆனால் எது போயிருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு ஒழுங்கு உண்டு. அதில் முக்கியமானது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. ரேமை மாற்றி, விண்டோஸையும் புதிதாகப் போட்டு, சார்ஜரையும் புதிதாக வாங்கினால், லேப்டாப் சரியான பிறகும் எது கெட்டிருந்தது என்று தெரியாது. கெடாத சாமானுக்கும் காசு கொடுத்திருப்பீர்கள். 2025 பிற்பாதியிலிருந்து ரேம் விலை ஏறியிருக்கிற ஏற்றத்தில் அது சின்னக் காசும் இல்லை.

கையில் வேண்டியது ஒரு சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், மூடியை நெம்ப ஒரு பழைய ஏடிஎம் கார்டு, மென்மையான பிரஷ், கொஞ்சம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். அப்புறம் ஒரு வெள்ளைத்தாள். அதில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைப் படமாக வரைந்து, கழற்றும் ஸ்க்ரூவை அந்தந்த இடத்திலேயே வையுங்கள். எல்லா ஸ்க்ரூவும் ஒரே நீளம் கிடையாது. நீளமானதைக் குட்டையான துளையில் முடுக்கி, கீபோர்டுப் பக்கம் முட்டிக்கொண்டு வந்த லேப்டாப்புகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

விளக்கு எரியுது, டிஸ்ப்ளே வரலை

முதலில் தெரிய வேண்டியது, லேப்டாப் ஓடவில்லையா, அல்லது ஓடிக்கொண்டே திரை மட்டும் வரவில்லையா என்பது. கேப்ஸ் லாக் பட்டனை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக உருவம் தெரிந்தால் திரைக்குப் பின்னால் இருக்கிற வெளிச்சம்தான் போயிருக்கிறது. வீட்டு டிவியில் எச்டிஎம்ஐ கேபிளை மாட்டிப் பாருங்கள். டிவியில் படம் வந்தால் ரேமைத் தொடவே வேண்டாம். கோளாறு திரையிலோ அதற்குப் போகும் கேபிளிலோ இருக்கிறது. கீல் பக்கம் மடங்கி மடங்கி அந்தக் கேபிள் அறுந்துபோவது சாதாரணம். திரையை ஒரு கோணத்தில் சாய்த்தால் மட்டும் படம் வருகிறது என்றால் அதுவேதான்.

இதில் எதுவும் இல்லையென்றால் சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரி வெளியே கழலும் வகையாக இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பவர் பட்டனை முப்பது வினாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். போர்டில் தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பிறகு சார்ஜரை மட்டும் மாட்டிப் போட்டுப் பாருங்கள். கழற்றாமலே சரியாகிறவை இந்த இடத்தில் கணிசம்.

அதற்கும் மசியவில்லையா? அடுத்தது ரேம். கீழ்மூடியைக் கழற்றியதும் உங்கள் முதல் வேலை, போர்டுக்கு வரும் பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவது. இதைச் செய்யாமல் ரேமைத் தொடக் கூடாது. லேப்டாப் அணைந்திருந்தாலும் போர்டில் சில இடங்களில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும்.

ரேமின் இரண்டு ஓரத்திலும் பக்கத்துக்கு ஒன்றாக இரும்புக் கொக்கி பிடித்திருக்கும். இரண்டையும் ஒரே சமயத்தில் வெளிப்பக்கம் விலக்கினால் ரேம் தானாகவே மேலே எழும்பி சாய்வாக நிற்கும். அந்தச் சாய்விலேயே இழுங்கள். நிமிர்த்தி இழுத்தால் ரேம் செருகியிருக்கும் ஸ்லாட் உடையும். ஸ்லாட் உடைந்தால்தான் அந்த எட்டாயிரம் ரூபாய்க் கதை உண்மையாகும்.

வெளியே எடுத்த ரேமின் கீழ்விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வரிசையாகப் பொன்னிறப் பற்கள். அவை பளபளவென்று இருக்க வேண்டும். மழைக்காலத்தில் வருகிறவற்றில் அந்தப் பொன்னிறத்தின் மேல் பழுப்பாக ஒரு படலம் தெரியும், கழுவாமல் வைத்த பித்தளைத் தம்ளர் மாதிரி. பொன்முலாம் துருப்பிடிக்காதுதான். ஆனால் மெல்லிய முலாம், ஈரக்காற்றும் தூசியும் அதன் மேல் படிந்துவிடும். ஸ்லாட்டுக்குள் இருக்கும் சின்னச் சின்ன ஸ்பிரிங்குகளிலும் அதே கதை. நாகப்பட்டினம், வேதாரண்யம், பூம்புகார் என்று கடற்கரை ஊர்களிலிருந்து வருகிறவற்றில் உப்புக்காற்று சேர்ந்துகொள்வதால் யூஎஸ்பி ஓட்டைகளிலும் ஸ்க்ரூவிலும்கூட பச்சைக் களிம்பு பிடித்திருக்கும்.

துடைப்பதற்கு ஆல்கஹாலில் நனைத்த, நூல் விடாத துணி போதும். பென்சில் அழிரப்பரால் தேய்ப்பது ஊர் முழுக்க இருக்கும் பழக்கம். நானும் செய்திருக்கிறேன். படலம் போகும், ஆனால் அழுத்தித் தேய்த்தால் முலாமும் சேர்ந்து போகும், ரப்பர்த் துகள் ஸ்லாட்டுக்குள் விழும். வேறு வழியில்லையென்றால் லேசாக ஒரு தடவை, ஸ்லாட்டுக்குத் தூரமாக வைத்து. எச்சில், பெட்ரோல், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம். கடைசியாகச் சொன்னதைச் சிரிப்புக்காகச் சேர்க்கவில்லை.

திரும்பச் செருகும்போது சாய்வாக, பொன்னிறப் பற்கள் ஏறக்குறைய முழுதும் மறையும் வரை தள்ளிவிட்டு, பிறகு கீழே அமுக்குங்கள். இரண்டு கொக்கியும் "டக்" என்று பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்திருந்தால் கறுப்புத் திரை அப்படியே இருக்கும், நீங்களும் ரேம் காரணமில்லை என்று முடிவுகட்டிவிடுவீர்கள்.

இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் முதல் ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். வரவில்லையென்றால் அதே ரேம், இரண்டாவது ஸ்லாட். அப்புறம் மற்ற ரேம், இதே இரண்டு இடத்திலும். மொத்தம் நான்கு தடவை. இரண்டு ஸ்லாட்டிலும் ஒரு ரேம் மட்டும் வேலை செய்யவில்லையென்றால் அந்த ரேம் கெட்டிருக்கிறது. ஒரு ஸ்லாட்டில் எந்த ரேமைப் போட்டாலும் வரவில்லையென்றால் ஸ்லாட் கெட்டிருக்கிறது. நான்கிலும் வரவில்லையென்றால் பக்கத்து வீட்டு லேப்டாப்பிலிருந்து அதே வகை ரேம் ஒன்றைக் கடன் வாங்கிப் போட்டுப் பார்க்கலாம்.

அதே வகை என்பதை அழுத்திச் சொல்கிறேன். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்ற ரேம் வகைகள் மூன்றும் ஒன்றுக்கொன்று சேராது. லேப்டாப் ரேமில் டிடிஆர்3-க்கு 204 பின் (அந்தப் பொன்னிறப் பற்கள்தான்), டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. அவற்றின் நடுவில் இருக்கும் வெட்டின் இடமும் மாறும். சேரவில்லையென்றால் தவறான ரேம் என்று அர்த்தம், பலம் போதவில்லை என்று அர்த்தமில்லை. டிடிஆர்3-லேயே ஒரு வில்லங்கம் உண்டு. சாதா டிடிஆர்3 1.5 வோல்ட்டில் ஓடும். டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டில் ஓடும். இரண்டுக்கும் பின்னும் வெட்டும் ஒன்றுதான், அதனால் அழகாக உட்கார்ந்துவிடும். ஆனால் 1.35 மட்டுமே கொடுக்கிற லேப்டாப்பில் சாதா டிடிஆர்3-ஐப் போட்டால் திரை வராது, அல்லது வந்து வந்து போகும். ஸ்டிக்கரில் "பிசி3எல்" என்று அந்த எல் எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

டிடிஆர்5 லேப்டாப்பில் ரேமை மாற்றினால் முதல் தடவை திரை வர ஓரிரு நிமிடங்கள்கூட ஆகலாம். அது புது ரேமோடு தன்னைப் பழக்கிக்கொள்கிற நேரம். பயந்துபோய் அணைத்து அணைத்துப் போடாதீர்கள். காபி ஆற்றிக் குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ரேம் போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும், கழற்ற ஒன்றுமில்லை. அதில் ரேம் கெட்டால் சிப்பைக் கழற்றி ஒட்டத் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். விளக்கு சிமிட்டும் எண்ணிக்கையோ பீப் சத்தமோ கேட்டால் எண்ணி எழுதிவையுங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் அர்த்தம் வேறு. மாடல் நம்பரைப் போட்டுத் தேடினால் கிடைக்கும்.

ஓடிக்கிட்டே இருக்கும், திடீர்னு நீலத்திரை

இதுதான் ஆளைச் சுற்ற விடுகிற கோளாறு. பத்து நாள் ஒழுங்காக ஓடும். சரியாக நீங்கள் எதையோ சேமிக்காமல் வைத்திருக்கும்போது விழும். விண்டோஸ் நின்றுபோய் நீலத்திரை (புதிய விண்டோஸ் 11-இல் அது கறுப்பு) வந்ததும் கைபேசியில் ஒரு படம் எடுங்கள். அதில் இருக்கும் கோளாறின் பெயர்தான் நூல்முனை. "மெமரி மேனேஜ்மென்ட்", "பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா" என்று வந்தால் ரேம் மேல் சந்தேகம் வைக்கலாம். சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. டிரைவர் (ஒரு பாகத்தை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) கெட்டாலும் இதே பெயர்கள் வரும். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அதுவும் புதிதாக ஒரு மென்பொருளோ டிரைவரோ போட்ட நாளிலிருந்து வந்தால், முதலில் அதை நீக்கிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயராக வந்தால் ரேமை நோக்கித் திரும்பலாம்.

விண்டோஸிலேயே ஒரு சோதனை இருக்கிறது. ஸ்டார்ட்டில் "விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்" என்று தேடி எடுத்து, ரீஸ்டார்ட் கொடுத்தால் தானே சோதிக்கும். ஓடும்போது எஃப்1 அழுத்தி "எக்ஸ்டெண்டட்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் இன்னும் ஆழமாகப் பார்க்கும், நேரமும் கூடும். முடிந்ததும் முடிவு ஒரு சின்ன அறிவிப்பாக வந்து மறைந்துவிடும். தவறவிட்டால் விண்டோஸ் தன் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளுக்குள் "மெமரி டயக்னாஸ்டிக்ஸ் ரிசல்ட்ஸ்" என்ற பெயரில் கிடக்கும்.

அது பிழை இருக்கிறது என்றால் நம்பலாம். இல்லை என்றால் நான் நம்ப மாட்டேன். அப்போது மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற ரேம் சோதனை மென்பொருள். இலவசம். பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து லேப்டாப்பை எழுப்ப வேண்டும். ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஓடவிட்டால் காலையில் பார்க்கலாம். சிவப்பில் ஒரே ஒரு வரி வந்திருந்தாலும் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. "ஒண்ணுதானே, பரவாயில்லை" என்பது இங்கே செல்லாது. அந்த ஒரு இடத்தில் உங்கள் கணக்கு ஃபைல் உட்கார்ந்தால் தப்பாகத்தான் எழுதப்படும். பிழை வந்தால் மேலே சொன்ன மாதிரி ஒவ்வொரு ரேமாகத் தனித்தனியாக ஓடவிட்டு எது என்று பிடியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பென்டிரைவிலிருந்து எழுப்ப, பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் ஓடும் அமைப்புப் பக்கம்) "செக்யூர் பூட்" என்ற பாதுகாப்பை அணைக்க வேண்டி வரலாம். விண்டோஸ் 11 லேப்டாப்புகளில் டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் உங்களுக்கே தெரியாமல் போடப்பட்டிருக்கலாம். செக்யூர் பூட் அமைப்பைத் தொட்டதும் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்து எழுதி வைத்துக்கொண்ட பிறகுதான் பயாஸ் பக்கம் போக வேண்டும். மன்னார்குடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் இப்படி மாட்டிக்கொண்டு வந்தார். ரேம் சோதனையில் ரேம் நன்றாக இருந்தது. சாவி இல்லாததால் ப்ராஜெக்ட்தான் போனது.

"வியா அன்கரெக்டபிள் எரர்" என்று வந்தால் அது பெரும்பாலும் ரேமைத் தாண்டிய வன்பொருள் கோளாறு. பிராசஸர், சூடு, மின்சாரம், சில சமயம் எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வரும் சிப் வகை டிஸ்க்). அப்போது பின்னால் வரும் சூட்டுப் பகுதியை முதலில் பாருங்கள்.

எட்டு ஜிபி போட்டேன், ஆறுகூடக் காட்டலை

கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்குப் போகும் முன், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் மெமரி (ரேம்) பக்கத்தைத் திறந்து, "ஹார்டுவேர் ரிசர்வ்டு" என்ற எண்ணைப் பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத லேப்டாப், படம் காட்டுவதற்காக ரேமிலிருந்தே ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். சில ஏஎம்டி லேப்டாப்புகள் 2 ஜிபியை முழுசாக எடுத்துக்கொள்ளும், மிச்சம் 5.9 ஜிபி அளவில் தெரியும். கோளாறே இல்லை.

4 ஜிபி போட்டும் மூன்றேசொச்சம்தான் தெரிகிறது என்றால், அதை முழுதாகப் பயன்படுத்த முடியாத 32 பிட் விண்டோஸ் இருக்கும். ஸ்டார்ட்டில் "சிஸ்டம் கான்ஃபிகரேஷன்" என்று தேடித் திறந்து, பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதில் மேக்ஸிமம் மெமரியில் யாராவது டிக் போட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். சரியாகப் பாதி மட்டும் காட்டினால் ஒரு ரேம் உட்காரவில்லை, திரும்பச் செருகுங்கள். வேறு வேறு வேகத்தில் இரண்டு ரேம் போட்டால் 3200-உம் 2666-உம் சேர்ந்து 2666-இல் ஓடும். முன்னத்தி ஏர் எப்படியோ அப்படித்தான் பின்னத்தி ஏர் என்பார்கள், இங்கே மெதுவாகப் போகும் மாடுதான் முன்னத்தி ஏர்.

ஆமை மாதிரி ஊருது

ரேம் போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கோளாறு ரேமில் இல்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். மெமரி 60 சதவீதத்தில் இருக்க, டிஸ்க் மட்டும் 100-இல் நின்றால் ஹார்ட் டிஸ்க்தான் காரணம். மெமரியும் 90-ஐத் தாண்டி டிஸ்கும் 100-இல் நின்றால், ரேம் போதாமல் விண்டோஸ் டிஸ்கைக் கடன் கேட்டுக்கொண்டிருக்கிறது. அப்போது ரேம் போடுவதில் அர்த்தம் இருக்கிறது.

2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதல் வருடங்களில் வந்த லேப்டாப்புகள் இன்னும் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். அதில் இன்றைய விண்டோஸைப் போட்டுவிட்டு மெதுவாக இருக்கிறது என்று வருத்தப்படுவது நியாயமில்லை. ஒரு சின்ன எஸ்எஸ்டியும், விண்டோஸுக்குப் பதிலாக எடை குறைந்த லினக்ஸும் போட்டால் பிள்ளைகள் படிக்க, தட்டச்சு செய்யத் தாராளமாகப் போதும்.

ஹார்ட் டிஸ்கிலிருந்து "டிக்... டிக்..." என்று பல்லி சொல்வது மாதிரி சத்தம் வந்தால் சோதனை எதுவும் வேண்டாம், வேண்டியதை உடனே வேறு இடத்துக்கு நகலெடுங்கள். சத்தம் இல்லாவிட்டால், டிஸ்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். "ரீஅலோகேட்டட்", "பெண்டிங்" என்ற இரண்டு வரிகளில் பூஜ்ஜியம் தவிர வேறு எண் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க் விடைபெறத் தயாராகிறது.

சூடாகி தானா அணையுது

தை மாத அறுவடை முடிந்த கையோடு வருகிற கோளாறு இது. நெல் கொள்முதல் நடக்கிற இடத்தில் கணக்குப் பதிகிற ஒருவர் கொண்டுவந்த லேப்டாப்பைத் திறந்தேன். விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவில் பொன்னிறமாக ஒரு கம்பளித் துண்டு. இடுக்கியால் பிடித்து இழுத்தபோது முழுசாக, மெத்தை மாதிரி வந்தது. எல்லாம் நெல் சுணை. அன்றைக்கு ராத்திரி வரை எனக்குக் கை அரித்தது. பிராசஸர் 95, 100 டிகிரியைத் தொட்டதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் தாண்டினால் தன்னைக் காப்பாற்ற அணைந்துவிடும். அந்த லேப்டாப் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. அவரோ மூன்று மாதமாக வைரஸ் என்று நினைத்து விண்டோஸை மாற்றிக்கொண்டிருந்தார்.

விசிறியைக் கழற்றி பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். புளோயர் அடித்தால் விசிறியின் இறக்கையைப் பல்குத்தும் குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் கண்மண் தெரியாமல் சுற்றவிட்டால் பேரிங் போகும். பஞ்சர் கடை கம்ப்ரசரில் காற்றுப் பிடிக்கும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். அந்தத் தொட்டியில் தண்ணீர் தங்கியிருக்கும், காற்றோடு சேர்ந்து போர்டில் தெளிக்கும். மூன்று நான்கு வருடமாகத் திறக்காத லேப்டாப்பென்றால் பிராசஸர் மேல் இருக்கும், சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து மண்ணாகியிருக்கும். பழையதைத் துடைத்துவிட்டு, துவரம்பருப்பு அளவு புதியது வைத்தால் போதும்.

மோட்டார் போட்டா லேப்டாப் அணையுது, தொட்டா சுரீர்ங்குது

வயலில் நாலு மோட்டார் சேர்ந்து ஓடினால் வீட்டில் வோல்டேஜ் இறங்குவது எங்களுக்குப் புதிதில்லை. சார்ஜரின் மேல் பார்த்தால் 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதியிருக்கும். ஆகவே குறைந்த வோல்டேஜ் அதை ஒன்றும் செய்யாது. ஒரு நொடி கரண்ட் துண்டிக்கப்படும்போது லேப்டாப் அணைகிறது என்றால் பேட்டரி செத்துவிட்டது, அவ்வளவுதான்.

கெடுதல் செய்வது கூடுதல் வோல்டேஜ். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறிய பிறகு, பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதம் நான் பார்த்ததில் மழையில் நனைந்த லேப்டாப்பைவிட, ஜெனரேட்டரில் மாட்டி வெடித்த சார்ஜர்தான் அதிகம். புயல் காற்றில் நியூட்ரல் கம்பி அறுந்தாலும் வீட்டுக்குள் 240-ஐத் தாண்டி எகிறும். புயல் அறிவிப்பு வந்தால் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கி வையுங்கள். சார்ஜர் போயிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் மல்டிமீட்டரில் பாருங்கள். 19 வோல்ட் என்று எழுதியிருந்தால் கிட்டத்தட்ட 19 காட்ட வேண்டும்.

உலோக உடம்புள்ள லேப்டாப்பைச் சார்ஜில் வைத்துத் தடவும்போது விறுவிறுவென்று இருந்தால் எர்த் சேரவில்லை. இரண்டு பின் சார்ஜரில் கொஞ்சம் இருக்கும், ஆபத்தில்லை. மூன்று பின் சார்ஜரில் இருந்தால் வீட்டு எர்த்தைச் சந்தேகியுங்கள். கோடையில் களிமண் வெடித்து எர்த் குழி காய்ந்துபோயிருக்கும். நாலு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள், அது லேப்டாப்போடு நிற்கிற விஷயமில்லை.

டச்பேட் கிளிக் ஆகாமல் மேலே எழும்பியிருக்கிறதா? அல்லது லேப்டாப் மேஜையில் ஆடுகிறதா? டச்பேடை மாற்றக் கொடுக்காதீர்கள். அடியில் பேட்டரி அப்பளமாக உப்பியிருக்கும். அன்றிலிருந்து சார்ஜ் போடாதீர்கள், குத்திக் காற்று இறக்காதீர்கள், குப்பையோடு போட்டுக் கொளுத்தாதீர்கள்.

காபி கொட்டிடுச்சு

உடனே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள், திரையை விரித்தபடி கூடாரம் மாதிரி கவிழ்த்து வையுங்கள். அணையாமல் "ஓடுதா பார்ப்போம்" என்று பார்ப்பதுதான் கொல்கிறது. ஈரத்தோடு கரண்டும் இருந்தால் போர்டின் செம்புத் தடங்கள் சில மணி நேரத்திலேயே அரித்துப்போகும். கீழ்மூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரைப் பிடுங்கிவிட்டால் பாதி பிழைத்தது.

டெல்டாக்காரர்களுக்கு அரிசியும் நெல்லும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் குதிருக்குள் புதைத்து வைத்துக் கொண்டுவருகிறார்கள். அரிசி போர்டுக்குள் இருக்கிற நீரை இழுக்காது. தவிடுதான் உள்ளே போகும். விசிறிக் காற்றில் இரண்டு நாள் வைப்பது அதைவிட மேல். வெறும் தண்ணீர் என்றால் அப்படிக் காய்ந்த பிறகு போட்டுப் பார்க்கலாம். சர்க்கரை போட்ட டிகிரி காபி என்றால் காய்ந்தாலும் பிசுக்காகப் போர்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்த மழைக்காலத்தில் ஈரத்தைப் பிடித்து ஷார்ட் செய்யும். அதைக் கழற்றி ஆல்கஹாலில் கழுவத்தான் வேண்டும். கீபோர்டு மட்டும் போயிருந்தால் அதைத் தனியாக மாற்றலாம்.

தேதி பின்னால போயிடுது

போட்டவுடன் எல்லா இணையதளமும் "பாதுகாப்பில்லை" என்று சொன்னால் மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய வருடத்தைக் காட்டினால் போர்டில் இருக்கும் சின்ன 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கிறது. சிஆர்2032 என்ற வட்டக்காசுதான் பெரும்பாலும். ஆனால் லேப்டாப்பில் அதற்குக் கம்பியும் கனெக்டரும் சேர்ந்து வரும். கடையில் வெறும் காசை வாங்கிவந்து ஒட்டப் பார்க்காதீர்கள், பழையதைக் கையோடு எடுத்துப் போய் அதே மாதிரி வாங்குங்கள்.

வைத்தீஸ்வரன்கோயில் பக்கம் ஜாதகம் கணிக்கிற ஐயா ஒருவர் போன் செய்தார். "தம்பி, மென்பொருள்ல வைரஸ் ஏறிடுச்சு. சனிப் பெயர்ச்சியே நடக்காத மாதிரி காட்டுது. வந்தவரு எதிர்ல உக்காந்திருக்காரு" என்றார். தேதியைப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "2014-னு இருக்கேப்பா" என்றார். கையால் தேதியை மாற்றி அன்றைக்குச் சமாளித்துவிட்டார். பேட்டரி மாற்ற மறுநாள் வந்தபோது, நல்ல நேரம் பார்த்துத்தான் மூடியைக் கழற்றச் சொன்னார்.